புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கிகள்

நம் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு என்மேல் ஒரு குறை உண்டு, தெரியும். யாராவது ஒரு பழைய ராணுவச் சின்னத்தின் படத்தை அனுப்பி "இது என்ன?" என்று கேட்டால், நான் உடனே பதில் சொல்வதில்லை. "கண்ணாடிக்கு முன்னால் வைத்து இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள்" என்கிறேன். முகம் பார்க்கும் கண்ணாடியைத்தான் சொல்கிறேன். "பெரியவருக்குக் கண்ணாடிப் பைத்தியம் லா" என்று உங்களில் யாரோ குழுவில் எழுதியதையும் படித்தேன். கோபமில்லை. கண்புரை முற்றிக்கொண்டு வருகிறது. அடையாளம் சொல்லும் வேலையை உங்களிடம் விட்டுவிட்டு ஒதுங்கப் போகிறேன். அதற்கு முன் அந்தக் கண்ணாடி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

பிழைப்புக்கு நான் நில அளவை அலுவலகத்தில் வரைவாளனாக இருந்தவன். கோடு, அளவு, தேதி இவை மூன்றும் சரியாக இருக்கவேண்டும் என்ற பழக்கம் அங்கே வந்தது. அந்தப் பழக்கம்தான் என்னை இந்தச் சின்னங்களிடம் கொண்டுவந்து விட்டது. சேகரிப்பாளர்கள் நம்மிடம் அதிகம் கொண்டுவருவது சட்டைக் கையில் அணிகிற சின்னங்கள். தொப்பியில் இருப்பது எந்தப் படை என்று சொல்லும். கையில் இருப்பது அந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று சொல்லும். கொடிகள் குறுக்காக இருந்தால் சைகை அனுப்பத் தெரிந்தவர். துப்பாக்கிகள் குறுக்காக இருந்தால் குறி பார்த்துச் சுடத் தெரிந்தவர். இதிலும் இரண்டு வகை உண்டு. தேர்வில் வேண்டிய புள்ளிகளை எடுத்த எல்லாருக்கும் கிடைப்பது தேர்ச்சிச் சின்னம். போட்டியில் முதலாவதாக வந்தவருக்கு மட்டும் கிடைப்பது பரிசுச் சின்னம். ஆனால் வீட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் 'பரிசு' என்றுதான் சொல்வார்கள். உடனே திருத்திவிடாதீர்கள். ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

என்னிடம் ஒரு பிஸ்கட் டின் இருப்பது உங்களுக்குத் தெரியும். அதில் இருப்பதெல்லாம் போலிகள். பழைய சாமான் சந்தையில் வாங்கியவை, ஏமாந்தவர்கள் வெறுத்துப்போய்க் கொடுத்தவை. புதிதாக வருகிறவர்கள் கையில் முதலில் அந்த டின்னைத்தான் கொடுப்பேன். போலியைத் தடவிப் பழகிய விரலுக்கு அசல் சட்டென்று தெரியும்.

கண்ணாடி என் வேலைக்குள் வந்த அந்த ஆண்டு, ஆயுத பூஜைக்குச் சில வாரங்கள் இருந்தன. மாசாயிலிருந்து தினேஷ் என்ற இளைஞர் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டார். பித்தளையில் குறுக்குத் துப்பாக்கிகள். 'என் தாத்தாவுடையது. அசலா போலியா என்று அம்மா கேட்கச் சொன்னார்கள்' என்று எழுதியிருந்தார்.

உங்களில் ஒருவர் பதில் போட்டார். பெயர் வேண்டாம், இதைப் படிக்கும்போது அவரே சிரித்துக்கொண்டு கையைத் தூக்குவார். அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, துப்பாக்கியின் விசை, வார் எதுவும் தெளிவாக இல்லை. பாதி கரைந்த சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருக்கிறது. அசலை வைத்து அச்செடுத்து உருக்கி வார்த்தால் இப்படித்தான் வரும். இரண்டு, நிறம். பித்தளைக்கு உரிய மஞ்சள் இல்லாமல் இளஞ்சிவப்பு அடிக்கிறது. மட்டமான கலவை. ஆகவே போலி.

நல்ல பதில். நாம் சொல்லிக்கொடுத்த இரண்டு சோதனைகளையும் அவர் செய்திருந்தார். எனக்கும் மறுக்கக் காரணம் எதுவும் தெரியவில்லை. டின்னில் குறுக்குத் துப்பாக்கிச் சின்னத்தின் வார்ப்புப் போலி இல்லாததால், "அதை எங்களுக்குத் தருவீர்களா?" என்று தினேஷைக் கேட்டேன்.

மறுநாள் அவரே கூப்பிட்டார். "அங்கிள், அம்மா சும்மாவே எடுத்துக்கச் சொல்றாங்க. சீக்கிரம் வந்து எடுத்துக்கணுமாம்."

மாசாயில் தொழிற்சாலை ஆட்கள் குடியிருக்கும் அடுக்குமாடி அது. கீழே மோட்டார் சைக்கிள்கள் நெருக்கமாக நின்றன. தினேஷ் சிங்கப்பூருக்குத் தினம் மோட்டாரில் வேலைக்குப் போய் வருகிறவர். அன்று ஞாயிறு என்பதால் வீட்டில் இருந்தார். அவருடைய அம்மா செல்லம்மா அக்கா கதவைத் திறந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவர். பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

"வாங்க தம்பி. லிஃப்ட் இன்னிக்கும் ரோசாக், ஓடல. மூச்சு வாங்குது பாருங்க. உக்காருங்க, முதல்ல பாயாசம் குடிங்க."

"என்ன விசேஷம் அக்கா?"

"நீங்க வந்ததுதான்."

"இல்ல அங்கிள்," என்றார் தினேஷ். "அது போலின்னு மெசேஜ் வந்த அன்னிக்கும் பாயாசம், இன்னிக்கும் பாயாசம். டத்தோ பட்டம் கிடைச்ச வீடு மாதிரி இருக்கு."

"சும்மா இருடா. வாய் ஓயாது இவனுக்கு."

மஞ்சள் துணியில் சுற்றிய பொருளைக் கொண்டுவந்தார். என் கையில் கொடுக்கவில்லை. மேசையில் வைத்து என் பக்கமாகத் தள்ளினார்.

"நிச்சயமா போலிதானே தம்பி? அந்தப் பையன் எழுதுனது சரிதானே?"

இந்த வேலையில் எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். "அசல்தானே?" என்று இதே குரலில், இதே கண்களோடு கேட்டவர்கள் ஏராளம். போலி என்றதும் என்னைத் திருடன் மாதிரி பார்த்தவர்கள் உண்டு. தேநீரைப் பாதியில் எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. போலியாக இருக்கவேண்டும் என்று ஏங்கிய ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

துணியைப் பிரித்துச் சின்னத்தைக் கையில் எடுத்ததும் திருப்பிவிட்டேன். இது எனக்கு மூவாரில் வந்த பழக்கம். அங்கே நாற்காலி செய்து விற்கும் சீனர் ஒருவர், நம்மைப் போலச் சின்னம் சேர்ப்பவர், யார் நாற்காலி கொண்டுவந்தாலும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பார். "மேல எல்லாரும் பாலிஷ் போடுவான். அடியில யார் போடுவா?" என்பார். அவ்வளவுதான் அவருடைய பாடம். அதற்குமேல் கேட்டால் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

பின்பக்கம் கரும்பழுப்பாக இருந்தது. தகட்டை அச்சில் வைத்து அடித்து எடுத்தால் முன்பக்கம் புடைத்திருப்பது பின்பக்கம் குழிந்திருக்கும். இதில் குழிந்திருந்தது. விசையும், அதைச் சுற்றிய வளையமும், வார் மாட்டும் கொக்கியும் கூரான கோடுகளாக, நேற்று அடித்தது போலத் தெரிந்தன. சட்டைக் கையில் மாட்டுவதற்கான இரண்டு காதுகளும் உட்புறம் லேசாகத் தேய்ந்திருந்தன. யாரோ உண்மையாகவே அணிந்திருக்கிறார்கள். வார்ப்புப் போலி என்றால் பின்பக்கமும் மழுங்கித்தான் இருக்கும்.

அப்படியானால் முன்பக்கம் ஏன் கரைந்தது? இளஞ்சிவப்பு எங்கிருந்து வந்தது? யோசித்துக்கொண்டே நிமிர்ந்தேன். எதிரே சாமி மாடம். அதில் ஒரு குத்துவிளக்கு. அதுவும் அதே இளஞ்சிவப்பில் இருந்தது.

"விளக்கை எதுல தேய்ப்பீங்க அக்கா?"

"புளிதான். எங்கம்மா புளியும் சாம்பலும் போடுவாங்க. இங்க சாம்பலுக்கு எங்க போறது?"

"இதையும் அதுலதானா?"

"ஆமா. வருசா வருசம் ஆயுத பூசைக்கு. அம்மா தேய்ச்சாங்க, அவங்களுக்கு அப்புறம் நான்."

புளிப்பு பட்டுப் பட்டுப் பித்தளையில் செம்பு நிறம் மேலே தெரியும். நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் ராணுவச் சின்னம் என்றதும் அதை விளக்கோடு சேர்த்து யாரும் நினைப்பதில்லை. எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. வேறு நாட்டில் இந்தச் சின்னம் அலமாரியில் கிடந்து கறுத்திருக்கும். இங்கே அது பூஜைக்கு வந்துவிட்டது.

அசல் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் பாயாசக் கிண்ணம் முன்னால் இருந்தது. தம்பி தங்கைகளே, பதில் தெரிந்துவிட்டது என்பதற்காக உடனே சொல்லவேண்டும் என்று இல்லை. நான் கேட்டேன்: "அக்கா, இது போலியா இருந்தா உங்களுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?"

அவர் மகனைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

அவருடைய அப்பா முனியாண்டி. சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் படையில் உள்ளூர் ஆட்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அதில் இருந்தவர். அதை விட்டுவிட்டு பெக்கோக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் பால் மரம் வெட்ட வந்தார். செல்லம்மா அக்கா பிறந்தது அங்கேதான்.

"அப்பா அதிகம் பேச மாட்டார். கள்ளுக்கடையில ஆளுங்க சீண்டுவாங்களாம். 'என்ன முனியாண்டி, பட்டாளத்துல எத்தனை தலையை உருட்டுன?'ன்னு. சிரிச்சிட்டு எழுந்து வந்துடுவார். அம்மா ஒரு தடவை கேட்டிருக்காங்க, இது எதுக்குக் குடுத்தாங்கன்னு. 'நல்லா சுட்டதுக்குக் குடுத்தாங்க'ன்னாராம். அதோட சரி. அம்மா மறுபடி கேக்கல."

"ஏன்?"

"பயம்தான். தீபாவளிக்குக் கோழி அறுக்கக்கூட அப்பா மாட்டார் தம்பி. பக்கத்து வீட்டுக்காரர் வந்துதான் அறுப்பார். அம்மா ரெண்டையும் சேர்த்துப் பாத்துட்டாங்க. ஏதோ உசுரை எடுத்ததுக்குக் குடுத்த பித்தளைன்னு முடிவு பண்ணிட்டாங்க. ஆயுத பூசைக்கு எல்லா வீட்டுலயும் பால் வெட்டுற கத்தியைக் கழுவிப் பொட்டு வைப்பாங்க. எங்க வீட்டுல இதையும் தேய்ப்பாங்க. விரல் எரியற அளவுக்குத் தேய்ப்பாங்க. தட்டுல ஓரமா வைப்பாங்க. ஆனா பொட்டு மட்டும் வைக்க மாட்டாங்க."

"அப்பா ஒண்ணும் சொல்லலையா?"

"பாத்துக்கிட்டே இருப்பார். அவ்வளவுதான்."

தினேஷ் இப்போது கிண்டல் செய்யவில்லை. அவருக்கும் இது புதிய செய்தி என்பது முகத்தில் தெரிந்தது.

"அம்மா போறப்ப என்கிட்ட குடுத்து, தேய்க்கறதை மட்டும் விட்டுடாதன்னாங்க. நானும் விடல. எனக்கு முட்டி வலிக்குது, எனக்கப்புறம் இவன் எங்க தேய்க்கப் போறான்? அதான் கேட்டுப் பாருடான்னேன். போலின்னு வந்துச்சு. போலின்னா என்ன அர்த்தம்? அப்பா எங்கயோ கடையில வாங்கிட்டு வந்து சும்மா பெருமைக்குச் சொல்லியிருக்கார். அவ்வளவுதானே? பொய் சொன்ன அப்பா பரவாயில்ல தம்பி. அதை நான் தாங்கிக்குவேன்."

பிஸ்கட் டின் என் பையில் இருந்தது. மூடியைத் திறந்து சின்னத்தை உள்ளே போட்டுக்கொண்டு, பாயாசம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த அம்மாள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அதை நான் நினைக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பவேண்டாம்.

என்னைத் தடுத்தது தொழில் நேர்மை என்று பெருமையாகச் சொல்லலாம். அது இல்லை. முனியாண்டி என்ற அந்த மனிதர் இந்தச் சின்னத்தைப் பற்றித் தன் மனைவியிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் உண்மை என்று பின்பக்கம் சொல்கிறது. உண்மை சொன்னவரை அவர் மகளிடமே பொய்யராக்கிவிட்டுப் போக எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

"அக்கா, இது அசல்," என்றேன். "படத்துல முன்பக்கம்தான் இருந்துச்சு. அதை வச்சு அந்தப் பையன் சரியாத்தான் சொன்னான். பின்பக்கம் பாத்தா அசல்."

"அலமாக், போச்சு," என்றார் தினேஷ், மெல்ல.

செல்லம்மா அக்கா கையிலிருந்த கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார்.  பிறகு கேட்டார்:

"எத்தனை பேரைச் சுட்டா தம்பி இதைக் குடுப்பாங்க?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை காலமும் அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி இது. இதற்கான பதில் நம் குழுவில் நேற்றுச் சேர்ந்தவருக்குக்கூடத் தெரியும்.

"ஒருத்தரையும் சுட வேண்டியதில்ல அக்கா."

அவர் நிமிர்ந்தார்.

"வருசத்துக்கு ஒரு தடவை தேர்வு வைப்பாங்க. திடல்ல தூரத்துல சட்டம் நட்டு, அதுல காகிதம் ஒட்டியிருக்கும். எல்லாரும் வரிசையா படுத்துச் சுடணும். வேண்டிய புள்ளி எடுத்தவங்களுக்கு இந்தச் சின்னம். அடுத்த வருசம் புள்ளி குறைஞ்சா கழட்டிடணும். பரீட்சை மாதிரிதான். சண்டையே பாக்காதவங்ககூட வாங்கியிருக்காங்க. சண்டையில என்ன செஞ்சிருந்தாலும், அந்தக் காகிதத்துல புள்ளி எடுக்கலைன்னா இது கிடைக்காது."

"காகிதத்தையா?"

"காகிதத்தைத்தான். ஒரு ஆள் சுட்டு முடிச்சதும் ஓட்டையை எல்லாம் துண்டுக் காகிதம் வச்சு ஒட்டி, அடுத்த ஆளுக்குத் தூக்கி நிறுத்துவாங்க."

 அடுத்து வரப்போவது என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது. வந்தது.

"அப்ப எங்கப்பா யாரையும் சுடலையா?"

தலையை ஆட்டினால் போதும். வாய் திறக்கக்கூட வேண்டாம். என் கழுத்து அதற்குத் தயாராகவே இருந்தது. எதிரே தினேஷும் கண்களால் அதையே கேட்டார்.

"அது எனக்குத் தெரியாது அக்கா," என்றேன். "இந்தப் பித்தளையை வச்சு அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. அவர் நல்லா குறி பாத்தார், தேர்வுல ஜெயிச்சார். இது சொல்றது அவ்வளவுதான். மத்தது அவரோட போயிடுச்சு."

"எந்த வருசம்னாவது தெரியுமா? காட்டுல கம்யூனிஸ்டுகளோட சண்டை நடந்த அவசர காலத்துலயா?"

தேதி என்றால் உயிரை விடுகிற எனக்கு அதையும் சொல்ல முடியவில்லை. சின்னத்தில் மகுடம் இருந்தால் அதன் வளைவைப் பார்த்து ராஜா காலமா ராணி காலமா என்று சொல்லலாம். இது வெறும் துப்பாக்கிகள். "தெரியலக்கா" என்று இரண்டாவது முறையாகச் சொன்னேன். ஒரே வீட்டில் இரண்டு முறை தெரியாது என்று சொன்னவன் காகிதம் என்று சொன்னதை மட்டும் ஏன் நம்புவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அந்த இரண்டு தெரியாதுகளையும் சொன்னதால்தான் அவர் அந்தக் காகிதத்தை நம்பினார் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் அவர் சிரிக்கத் தொடங்கினார். முதலில் மூச்சு மாதிரி வந்தது. பிறகு தோள் குலுங்கியது.

"காகிதத்தைச் சுட்டதுக்கா எங்கம்மா இத்தனை வருசம் புளி போட்டுத் தேய்ச்சாங்க? டேய் தினேஷ், கேட்டியா? காகிதத்துக்குடா! எத்தனை சாம்பாருக்கு ஆகியிருக்கும் அந்தப் புளி!"

சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று சொல்லத் தெரியவில்லை. தினேஷ் எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தார். நான் பாயாசத்தைக் குடித்தேன். அந்த மாதிரி நேரத்தில் நம் ஆட்கள் செய்யவேண்டியது அதுதான். விளக்கம் எதுவும் கொடுக்காதீர்கள்.

அவர் அப்பா ஏன் தன் மனைவியிடம் இதைச் சொல்லவில்லை என்று உங்களுக்குத் தோன்றும். காகிதம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதுமே. சொல்லவில்லை. ஒருவேளை கழுவப்பட வேண்டிய வேறு ஏதாவது அவரிடம் இருந்ததோ, மனைவி தேய்ப்பது அவருக்கும் வேண்டியிருந்ததோ. ஒருவேளை கேட்கவில்லையே, எதற்குச் சொல்வது என்று இருந்தாரோ. இதை நான் அங்கே பேசவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன், நீங்களும் எங்கேயும் பேசவேண்டாம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு செல்லம்மா அக்கா சின்னத்தைக் கையில் எடுத்தார். இந்த முறை துணி இல்லாமல் எடுத்தார். திருப்பி, குழிந்திருந்த கோடுகளில் நகத்தை ஓட்டிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் நாங்க கையே வச்சதில்ல."

"அதனாலதான் அப்பா போட்டிருந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு."

"அப்ப முன்பக்கம் அம்மா," என்றார். "இந்தப் பக்கம் அப்பா." பிறகு, "இனிமே தேய்க்கணுமா தம்பி?"

"வேண்டாம் அக்கா. போதும்."

டின் காலியாகவே திரும்பியது. அதாவது, அதில் இருந்த பழைய போலிகளோடு திரும்பியது. புறப்படும்போது ஒரு டப்பாவில் பாயாசம் ஊற்றிக் கொடுத்தார். "இது எதுக்குன்னு கேக்காதீங்க," என்றார்.

ஆயுத பூஜை அன்று குழுவில் தினேஷின் படம் வந்தது. சாமி மாடத்தின் முன் தட்டில் மோட்டார் சாவி, ஹெல்மெட், ஒரு ஸ்பேனர், அம்மாவின் தையல் கத்தரி. நடுவில் அந்தச் சின்னம். அதை அரிசியில் செங்குத்தாக நிறுத்தி, பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார்கள். நம்மைப் பார்த்து மழுங்கிய முன்பக்கம். கண்ணாடிக்குள் கூரான பின்பக்கம். கீழே தினேஷ் எழுதியிருந்தார்: 'எந்தப் பக்கத்தை மேல வைக்கிறதுன்னு அம்மாவுக்குக் காலையில இருந்து குழப்பம். ரெண்டு பேரும் வேணுமாம்.'

இத்தனை வருடங்களில் எனக்கு வந்த படங்களிலேயே அடையாளம் சொல்வதற்கு இவ்வளவு வசதியான படம் வேறு இல்லை. ஒரே பார்வையில் இரண்டு பக்கமும். அன்றிலிருந்துதான் எல்லாரிடமும் கண்ணாடி கேட்கிறேன். முதலில் போலி என்று சொன்ன நம் தம்பி அந்தப் படத்துக்குக் கீழே ஒரே சொல் எழுதினார்: 'அசல்.'

முன்பக்கத்தில், இரண்டு துப்பாக்கிகளும் குறுக்கே சந்திக்கும் இடத்தில், ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. அதன் நடுவில் குங்குமம். உலோகத்தின்மேல் எதுவும் படக்கூடாது, பட்டால் உடனே துடைக்கவேண்டும் என்று உங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். கைப்பேசியை எடுத்தேன். 'நல்லா இருக்குக்கா' என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.